பட்டென்று வராத பதில்

பிப்ரவரி 4, செவ்வாய்

நாளைக்கு நத்தை. ஒரு வாரமாக வீட்டில் என் வாயில் நத்தையைத் தவிர வேறு பேச்சு இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

‘நத்தையின் அவசரம்’ என்ற ஒலிநூலை நேற்று கேட்டு முடித்தேன். எழுதியவர் நத்தைகளை ஆராய்கிறவர். அவரோடு தொலைபேசியில் எடுத்த பேட்டியை ஒயர் இன்று மாலைதான் வெட்டி ஒட்டி முடித்தாள். ஒயர் என் தோழி. அவள் பையில் கை விட்டால் புத்தகம் வருவதற்கு முன் ஒரு ஒயர் வரும்; அதனால் அந்தப் பெயர்.

வளர்ந்த பிறகு இதைப் படிக்கும்போது மறந்திருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் பள்ளியின் எல்லா ஸ்பீக்கர்களிலும் ‘கேட்டீங்களா?’ என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது நான். யார் யாருக்குப் பிடிக்கும் என்று சொல்வது நான். எழுதியவரைக் கூப்பிட்டுப் பேட்டி எடுப்பதும் நான். ஒரு வாரம் பயணம், ஒரு வாரம் பேய், ஒரு வாரம் அறிவியல். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறை எங்களுடையது. ஜன்னல் கிடையாது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். உலகத்திலேயே எனக்குப் பிடித்த அறை அதுதான்.

புத்தகம் கேட்பது அப்பாவின் பழைய போனில். அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறார். வண்டியில் கதை கேட்டபடியே கடை கடையாகப் போவார். புதுப் போன் வாங்கியதும் பழையதை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்

“மெதுவா போகுதுன்னு சொல்றது நம்ம கணக்கு. அது கணக்குல அது ஓடுது” என்று ஆராய்ச்சியாளர் சொன்ன இடத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ சிரித்தார்களாம்! ஒயர் சொன்னாள். யாருக்காவது புரையேறியும் இருக்கலாம் என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

மதியம் வகுப்புக்குள் நுழைந்ததும் பின் பெஞ்சு முழுக்க, “ஏய் காது! நத்தை வந்து சேந்துடுச்சா?”

காது என்பது என் பெயர். நான் வைத்துக்கொண்டதல்ல. ஆனால் கேவலமான பெயரும் அல்ல.

பிப்ரவரி 7, வெள்ளி

தலைமையாசிரியை எங்கள் அறைக்கு வந்தார். நாங்கள் அவரைப் பெரிய மேடம் என்போம். அவர் தலை கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தபோதே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“யாரும்மா கேக்கறாங்க இதை?”

“எல்லாரும் மேடம்.”

“எல்லாரும்னா? பேரு சொல்லு.”

நான் ஒயரைப் பார்த்தேன். ஒயர் மைக்கைப் பார்த்தாள்.

நூலகர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நூலகத்து மூலையில் ஒலிநூல் கேட்பதற்கென்றே இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் யாராவது வந்து கேட்டார்களா என்று பெரிய மேடம் விசாரித்தார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

“மூணு பேர் மேடம். அதுல ஒண்ணு இவ.”

மீதி இரண்டில் ஒருவன் தூங்குவதற்காக வந்தவன் என்பதை அக்கா சொல்லவில்லை. நல்ல மனசு.

விசில் சாருக்கு, அதாவது எங்கள் விளையாட்டு ஆசிரியருக்கு, வலைகளும் மட்டைகளும் வைக்க இடமில்லையாம். மார்ச் ஐந்தாம் தேதி நிகழ்ச்சி வரைக்கும் அறையைப் பெரிய மேடம் எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறார். அதற்குள் பிள்ளைகள் நாங்கள் சொல்லும் புத்தகத்தைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். இல்லையென்றால் அறை விசில் சாருக்கு.

போகும்போது திரும்பி, “நல்லாத்தான் பேசற. ஆனா காத்துக்குப் பேசற” என்றார்.

அழவில்லை. கொஞ்சம்.

பிப்ரவரி 12, புதன்

இன்று கவிதை. ‘ஈரத்துணிகளின் வரிசை’ தொகுப்பைக் கவிஞரே வாசித்திருக்கிறார். பேட்டியில், “உங்க கவிதைங்க மூச்சே விடாம அருவி மாதிரி கொட்டுது சார்” என்றேன். கவிஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியா... சரிம்மா” என்றார்.

எவ்வளவு தன்னடக்கம்!

பிப்ரவரி 15, சனி

வருகிறார்! வருகிறார்! குற்றக்கதை எழுதும் அம்மா பேட்டிக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்!

அவர் யாருக்குமே பேட்டி தருவதில்லை. நூலகர் அக்காதான் பதிப்பகம் வழியாகக் கேட்டுப் பார்த்தாள். “பெரியவங்க கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேன், பிள்ளைங்க கேட்டா சொல்ல வரலை” என்று பதில் வந்ததாம். நான் குதித்த குதியில், “கீழ் வீட்டுக்காரங்க மேல ஏறி வரப்போறாங்க, இறங்குடி!” என்று அம்மா கத்தினாள்.

கடைசி நிகழ்ச்சி கடைசியாக இருக்கப்போவதில்லை. இவரை வைத்து ஜெயிக்க முடியாவிட்டால் வேறு யாரை வைத்து?

புத்தகத்தின் பெயர் ‘அழைப்பில் இருப்பவர்’. எழுதிய அம்மாவே வாசித்திருக்கிறார். ஆம்புலன்ஸ் கூப்பிடும் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் ஒருத்தி. ஒரு பெண் கூப்பிட்டு, பூனையைக் காணோம் என்கிறாள். வேறு எதுவும் இல்லை, பூனைதான். ஆனால் போனை வைக்கமாட்டேன் என்கிறாள். எடுத்தவளுக்குச் சந்தேகம் வருகிறது. “உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியும் அதற்கு வரும் ஒற்றை வரிப் பதிலும்தான் கதை முழுவதையும் தூக்கி நிறுத்துகின்றன.

மூன்றே நாளில் கேட்டு முடித்தேன். என்ன வேகம்! இதை எழுதியவரோடு நான் பேசப்போகிறேன். நான்!

பிப்ரவரி 22, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பேட்டியின் முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அந்த அம்மா சிரித்துக்கூடப் பேசினார். அப்புறம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்—

“அந்தப் பூனைக்காரம்மா ரொம்ப தைரியசாலி இல்லையா? பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேட்டதும் பட்டுன்னு பதில் சொல்றாங்களே!”

“பட்டுன்னா?”

“ஆமா. யோசிக்கக்கூட இல்லை. டக்குன்னு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்த அமைதியைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையேம்மா நீ?”

“எந்த அமைதி?”

எந்த அமைதி! அப்படியா கேட்பேன்? அப்படித்தான் கேட்டேன். ஒயர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீ புத்தகத்தைக் கேக்கலைன்னு நினைக்கிறேன். பரவால்ல, பள்ளிக்கூட வேலை நிறைய இருக்கும்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொல்லிவிட்டு அன்பாகவே போனை வைத்துவிட்டார்.

நான் கேட்கலையாம். நான்! புத்தகத்தைக் கேக்காம பேட்டி எடுக்கிறவளா நான்? சோறு திங்காம கூட இருப்பேன்—

நான் அழுதுகொண்டிருந்தபோது ஒயர் பேசாமல் என் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒலிநூல் செயலியின் அமைப்புகளில், கீழே, மிகக் கீழே: ‘அமைதியான பகுதிகளைத் தாண்டு’. பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“இது போட்டிருந்தா, யாரும் பேசாத இடத்தையெல்லாம் அதுவே வெட்டிட்டு அடுத்த வார்த்தைக்கு ஓடிரும்டி.”

“நான் போடலையே!”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனை நீட்டினேன். அப்பாவுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

“ஓ, அதுவா? நான்தான் போட்டேன். வண்டில போகும்போது நடுவுல சத்தம் நின்னா, போன் செத்துடுச்சோன்னு பக்கு பக்குன்னு இருக்கும். இதைப் போட்டதும் எவ்வளவு விறுவிறுப்பு! ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“அப்பா!”

“என்னடா கண்ணு?”

விறுவிறுப்பு. இதுவரை எழுதிய பரிந்துரைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பயணநூல்: விறுவிறுப்பு. பேய்க்கதை: மூச்சுவிட நேரமில்லை. நத்தை: என்ன வேகம். நத்தை!

ஐயோ, கவிஞர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவோடு ரொட்டி வண்டியில் போனேன். விடியற்காலை, தெருவில் யாருமில்லை. அமைப்பை அணைத்துவிட்டு அந்த அத்தியாயத்தை வண்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

“உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

பதில் இல்லை.

அப்பா ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். “செத்துடுச்சா?” என்று போனைத் தொடப் போனார். “ஷ்” என்றேன்.

பிறகு மிக மெல்லிதாக ஏதோ கேட்டது. மூச்சு. நாற்காலி ஒன்று நகராமலே முனகுவது. யாரோ எச்சில் விழுங்குவது. அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் அவ்வளவுதான். அப்பாவின் கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி என் தோளுக்கு வந்தது. அப்புறம் அந்தப் பெண் பதில் சொன்னாள். நான் மூன்று நாளில் கேட்டு முடித்த அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

உடனே வந்தால் அது தைரியம். அவ்வளவு நேரம் கழித்து வந்தால், அவள் பக்கத்தில் நிற்கிறவன் எனக்கே தெரிந்தான்.

“அடப்பாவி, இத்தனை நாளா நான் என்னத்தைக் கேட்டிருக்கேன்?” என்றார் அப்பா. ரொட்டி இறக்குவதற்குக் கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டும் வரை இரண்டு பேரும் அசையவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

துணிந்து கூப்பிட்டேன். முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: அப்பா, வண்டி, பச்சை விளக்கு, நத்தை, அமைதி. மூச்சுவிடாமல்.

அந்த அம்மா சிரித்தார் பாருங்கள்! சிரிப்பு நிற்க நேரமானது.

“நத்தையும் வேகமாவா?”

“ரொம்ப வேகம் மேடம்.”

மறுபடியும் பேட்டி கொடுத்தார், முதலிலிருந்து. இந்த முறை நான் கேட்ட கேள்விகளைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன், யார் என்ன செய்துவிட முடியும்? ‘அந்த இடத்தை வாசிக்கும்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “யாரும் இதைக் கேட்டதில்லம்மா. கதவைப் பாக்காதே, கதவைப் பாக்காதேன்னு சொல்லிட்டே இருந்தேன்” என்றார். ஒலிப்பதிவு செய்தவர் அந்த அமைதியைப் பிழை என்று நினைத்து இரண்டு தடவை வெட்டி எறிந்துவிட்டாராம். மூன்றாம் தடவை அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம் இந்த அம்மா.

அந்தப் பகுதியை ஒலிபரப்பலாமா என்று கேட்டேன். பதிப்பகத்திடம் தானே சொல்வதாகவும், ஆனால் வெட்டாமல் போடவேண்டும் என்றும் சொன்னார்.

கவிஞரிடமும் பேசினேன். “நான் ஒவ்வொரு கவிதைக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்திப் படிச்சதெல்லாம் வீணான்னு ஒரு வாரம் தூங்கலைம்மா” என்றார். பாவம்.

மார்ச் 3, திங்கள்

ஒயரோடு சண்டை.

“ஸ்பீக்கர்ல ஒரு நிமிஷம் சத்தம் வரலைன்னா அதுக்குப் பேரு அமைதி இல்லடி. ரிப்பேர்.”

“வெட்டாம போடறேன்னு சொல்லியிருக்கேன்.”

“நமக்கு இருக்கறது ஒரே ஒரு புதன்கிழமை. அதுல ஒரு நிமிஷம் சும்மா விடணுமா? பாதியாவது குறைக்கலாம்.”

“பாதி பயமா அது?”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஒயருக்குக் கோபம் வந்தால் கம்பிகளை அழகாகச் சுருட்டுவாள். இன்று எல்லாக் கம்பிகளும் மிக அழகாக இருந்தன. ஆனால் வெட்டவில்லை.

மார்ச் 5, புதன்

முடிந்தது. எல்லாம் போச்சு.

பேட்டி பிரமாதமாகப் போனது. கதவைப் பார்க்காதே என்ற இடத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தமே குறைந்தது, எங்கள் அறை வரைக்கும் அது தெரிந்தது. பிறகு அந்தப் பகுதியைப் போட்டோம். பூனை. கேள்வி. “உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

அமைதி.

முதலில் யாரோ, “ஸ்பீக்கர் போச்சுடோய்!” என்று கத்தினார்கள். சிரிப்பு. பிறகு “ஷ்!” என்று ஒரு குரல். இன்னொரு “ஷ்!” நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாக. எங்கள் பள்ளி. மதியச் சாப்பாடு. இன்னும் கொஞ்சம்தான், இதோ இப்போது பதில் சொல்லப்போகிறாள்—

டக்.

மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லாம் அணைந்தது. விசில் சார் ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கும் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். ஸ்பீக்கரில் பழுது, புகை வருவதற்கு முன் அணைத்துவிட்டேன் என்று மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னார். முகத்தில் அவ்வளவு பெருமை அவருக்கு.

“என்ன சார் பண்ணிட்டீங்க! அவ பதில் சொல்லவே இல்லையே!” என்று கத்திவிட்டேன். ஆசிரியரிடம். சத்தமாக.

மறுபடி போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. ஒயர் என்னைப் பார்த்து, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதற்காகவே அவளுக்கு என் புத்தகங்களை எல்லாம் எழுதி வைக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். பின் பெஞ்சு மொத்தமும்.

“ஏய் காது, அவ என்ன சொன்னா?”

“யாரு?”

“பூனைக்காரம்மா! பக்கத்துல ஆள் இருக்கா இல்லையா?”

பேருந்தில் வரும் பெரிய வகுப்பு அக்காக்கள் கேட்டார்கள். சமையற்கட்டு அண்ணன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கணக்கு டீச்சர் தனக்காக இல்லை, தன் தங்கைக்காகக் கேட்பதாகச் சொல்லிக் கேட்டார்.

நுனி நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இன்றைக்கு நான்தான் பள்ளியின் ராணி. ஆனால் நான் சொன்னால் அது பட்டென்று வந்த பதிலாகிவிடும்! எனக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும் நேரும்.

“நூலகத்துல இருக்கு. முதல்லேருந்து கேளு” என்றேன். எல்லோரிடமும் அதையேதான்.

“பெரிய இவ!” என்றான் பின் பெஞ்சுக்காரன். மதியம் நூலகத்து வரிசையில் முதல் ஆளாக அவன்தான் நின்றான்.

மார்ச் 7, வெள்ளி

நூலகர் அக்கா தன் சொந்த ஹெட்போனையும் கொடுத்துவிட்டாள். போதவில்லை. ஒரு ஹெட்போனை இரண்டு பேர் ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரும் தூங்கவில்லை. அந்த இடம் வரும்போது பார்த்தாலே தெரிகிறது: கண் எங்கேயும் நகராமல் அப்படியே நின்றுவிடுகிறது. நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது தெரியவில்லை.

அந்த வரியை இங்கேயும் எழுதப்போவதில்லை. நான் இல்லாதபோது இந்த நோட்டை எடுத்துப் படிக்கும் என் அருமைத் தங்கச்சி வாலு அவர்களே, போய்க் கேளுங்கள்.

மார்ச் 10, திங்கள்

பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார். விசில் சாரிடம் கத்தியது நினைவுக்கு வந்தது. நடந்து போகும்போதே அறைக்கு மனசுக்குள் விடைகொடுத்துவிட்டேன். போர்வைகளை வீட்டுக்கு எடுத்துப் போவதா, அங்கேயே விடுவதா என்பது வரை யோசித்துவிட்டேன்.

“ஆசிரியர்கிட்ட அப்படிக் கத்தலாமா?”

“தப்புதான் மேடம்.”

“போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“கேட்டுட்டேன் மேடம். அன்னிக்கே.”

“ம்.” மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். “நூலகத்துல ஒரே கூட்டமாம். அக்கா வந்து புலம்பறா.” பிறகு குரலைத் தாழ்த்தி, கதவைப் பார்த்துவிட்டு, “அது சரி... அவ என்னதாம்மா சொன்னா?”

என்ன செய்வேன்? தலைமையாசிரியை. அறை அவர் கையில்.

“நூலகத்துல இருக்கு மேடம்” என்றேன். “முதல்லேருந்து கேக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “சரி, போ” என்றார். அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒயரிடம் சொன்னேன். “உனக்கென்ன பைத்தியமா?” என்றாள். இருக்கலாம். ஆனாலும் அந்த அம்மா ஒலிப்பதிவுக்காரர் கையை அழுத்திப் பிடித்தாரே, அப்படி நானும் ஒரு தடவை பிடித்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

எதற்கும் இருக்கட்டும் என்று ஒயரும் நானும் மதிய மணிக்கு முன்பே போனோம். அறைக் கதவில் பூட்டு மாறவில்லை. உள்ளே வலையும் இல்லை, மட்டையும் இல்லை. எங்கள் போர்வைகள் அப்படியே தொங்கின.

மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க ஒயர் ஆசிரியர் அறைப் பக்கம் ஓடினாள். ஓடினவள் அங்கிருந்தே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

மெயின் சுவிட்சின் மேல் வெள்ளை அட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள், நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டு. நீல மையில், மதிப்பெண் அட்டையில் நாங்கள் வருடா வருடம் பார்க்கும் அதே சாய்ந்த கையெழுத்தில்:

‘புதன்கிழமை மதியம் சத்தம் வராவிட்டாலும் இதைத் தொடக்கூடாது. சத்தம் வரும். பொறுத்திருக்கவும். — தலைமையாசிரியை’